ஒன்றுமில்லாத அறை

மார்ச் 4

கண்ணு,

நல்லபடியா வீடு வந்து சேர்ந்துட்டேன். நீ கேக்கலை, இருந்தாலும் சொல்றேன். ஒன்பது மணி நேரம் பஸ்ல உக்காந்து போனவ, அப்படியே ஒன்பது மணி நேரம் உக்காந்து திரும்பி வந்தேன். நடுவுல உன் வீட்டு மாடிப்படியில ரெண்டு மணி நேரம். உன் முகத்தைப் பார்த்தது எத்தனை நிமிஷம்னு நீயே கணக்குப் போட்டுச் சொல்லு.

உனக்கு இருபத்தேழு வயசு முடியுதே, சொல்லாம கொள்ளாம போய் நின்னா பிள்ளை சந்தோஷப்படும்னு நினைச்சேன். பெல்லை அடிச்சேன். சத்தமே இல்லை. குளிக்கிறியோ என்னவோன்னு மறுபடி அடிச்சேன். பதினோரு தடவை அடிச்சேனாம், உன் வீட்டு ஆள் எண்ணி வெச்சிருக்கார். கதவுல கடுதாசி போடற ஓட்டை இருக்கே, அது திறந்துச்சு. உள்ளே ரெண்டு கண்ணு. "இன்னைக்கு யாரும் வர்றதா பட்டியல்ல இல்லை"ன்னு ஒரு குரல். ஐயா, நான் அவளைப் பெத்த அம்மான்னேன். "பெத்தவங்களும் பட்டியல்ல இல்லை"ன்னு சொல்லிட்டு ஓட்டையை மூடிட்டார்.

முன்னறிவிப்பு கொடுக்கலையாம். இருபத்திரெண்டு வருஷமா பஸ் ஸ்டாண்டுல மைக் முன்னால உக்காந்து அறிவிப்பு கொடுத்தே பிழைக்கிறவகிட்ட இதைச் சொல்றார் மனுஷன்.

பக்கத்து வீட்டு அம்மா தண்ணி கொடுத்தாங்க. "அவங்க மூணு பேரும் தங்கமானவங்க, சத்தம்தான் ஆகாது"ன்னாங்க. ஊரார் எல்லாருக்கும் உன்னைப் பத்தித் தெரிஞ்சிருக்கு, எனக்குத்தான் தெரியலை.

போன் பண்ணினா எடுக்க மாட்டே, அதனாலதான் கடுதாசி. எனக்கு வேற ஒன்னும் வேண்டாம். அந்த வீட்டுக்குள்ள ஒரே ஒரு தடவை வரணும். நீ எங்கே தூங்கறே, எங்கே உக்காந்து சாப்பிடறேன்னு கண்ணால பார்க்கணும். அதைப் பார்க்காம எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது. ஏன் கதவைத் திறக்கலை, சொல்லு.

அம்மா


மார்ச் 11

அம்மாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது. இரண்டாம் முறை சிரிப்பு வந்தது. மூன்றாம் முறை படித்தபோது பதில் எழுத முடிந்தது.

அன்று நான் வீட்டில்தான் இருந்தேன். கதவுக்கு இந்தப் பக்கம், நடையில், தரையில் உட்கார்ந்து காதைப் பொத்திக்கொண்டிருந்தேன். உன் குரல் கேட்டது. உன்மேல் கோபத்தால் திறக்காமல் இருக்கவில்லை. எழுந்து நாலு அடி நடந்து தாழ்ப்பாளைத் திறக்க வேண்டும், அவ்வளவுதான். உடம்பு கேட்கவில்லை. அந்த மணி ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் பல்லுக்குள் ஊசி இறங்குவதுபோல் இருந்தது. நான் செயற்கைப் பல் செய்து பிழைப்பவள், பல் வலியைப் பற்றி மிகைப்படுத்த மாட்டேன்.

ஓட்டை வழியே பேசியவர் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைகிறார். ஐம்பத்திரண்டு வயது. நீ போன பிறகு குளியலறைக்குள் போனவர் மூன்று மணி நேரம் கழித்து வெளியே வந்து, முதல் காரியமாக அழைப்பு மணியைத் திருகுகளோடு கழற்றிக் குப்பையில் போட்டார். இன்னொருவர் ரொட்டிக்கடையில் மாவு பிசைபவர். நான் ரொட்டியக்கா என்று கூப்பிடுவேன். எங்கள் மூவருக்கும் ஆட்டிசம். மூவருக்கும் வெளியே எல்லாமே கொஞ்சம் அதிகம். அதனால் உள்ளே எல்லாவற்றையும் கொஞ்சம் குறைத்து வைத்திருக்கிறோம்.

நாற்காலிக் கால்களுக்கெல்லாம் கம்பளித் துணி கட்டியிருக்கிறோம், இழுத்தால் கேட்காது. ஒவ்வொருவர் கதவிலும் ஓர் அட்டை தொங்கும். பச்சை என்றால் பேசலாம். மஞ்சள் என்றால் அவசியம் இருந்தால் பேசலாம். சிவப்பு என்றால் வீடு தீப்பிடித்தால் மட்டும் பேசலாம். காலையில் சமையலறையில் மூன்று பேரும் ஒரு வார்த்தை பேசாமல் தேநீர் குடிப்போம். நாளிலேயே எனக்கு மிகப் பிடித்த நேரம் அது. ரொட்டியக்காவுக்குச் சந்தோஷம் வந்தால் கையை உதறிக்கொண்டு வீடு முழுவதும் நடப்பார். யாரும் ஏன் என்று கேட்க மாட்டோம். சில நாள் நானும் பின்னால் நடப்பேன்.

கடைசி அறைதான் எங்கள் பெருமை. அதில் ஒன்றுமே கிடையாது. அதைச் செய்து முடிக்க எங்களுக்கு ஏழு மாதம் பிடித்தது. சிரிக்காதே. கடிகாரத்தை எடுத்தோம். ஜன்னல் இடுக்குகளுக்கு ரப்பர் வைத்தோம். சுவரில் பளபளப்பு இல்லாத வண்ணம் பூச இரண்டு முறை அடித்துச் சுரண்டினோம். ஃப்ரிட்ஜின் உறுமல் சுவர் வழியாக வருகிறது என்று வரைபடக்காரர் கண்டுபிடித்தார், ஃப்ரிட்ஜை எதிர்ச் சுவருக்கு மாற்றினோம். சுவிட்சு 'டக்' என்று சொல்லாமல் இருக்க மட்டும் ஒரு மாதம் அலைந்தோம். இப்போது தரையில் ஒரு கம்பளம், கனமான ஒரு போர்வை, வேறொன்றும் இல்லை. வெளியில் என்ன நடந்திருந்தாலும் அங்கே அரை மணி நேரம் கிடந்தால் நான் மறுபடி நானாகிவிடுவேன்.

இந்த வீட்டுக்குள் யார் வருவதென்றாலும் மூவரும் கை தூக்க வேண்டும். உன் விஷயத்தைக் கேட்டேன். நான் மட்டும் தூக்கினேன். மனு கொடுக்கச் சொல்கிறார்கள். படிவம் இத்துடன் இருக்கிறது, ஐந்து கேள்விகள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூன்று வருடம் முன்னால் டாக்டர் சொன்னதை உன்னிடம் சொன்னபோது, "அதெல்லாம் ஒன்னுமில்லை, கொஞ்சம் கூச்சம், கல்யாணமானா சரியாப் போயிடும்" என்றாய். அதன் பிறகுதான் நான் போனை எடுப்பதை நிறுத்தினேன்.

உன் மகள்


மார்ச் 16

அடியே,

பெத்தவ பிள்ளையைப் பார்க்க மனு. டிப்போ மேனேஜரைப் பார்க்கக்கூட நான் மனு கொடுத்ததில்லை. இருந்தாலும் நிரப்பியிருக்கேன், ஏன்னா எனக்கு வேற வழி வெக்கலை நீ.

கேள்வி ஒன்னு, எத்தனை நிமிடம் தங்குவீர்கள். பதில்: பத்து மாசம் சுமந்தவளுக்கு நிமிஷக் கணக்கா? சரி, ஒரு மணி நேரம்னு போட்டுக்கோங்க.

கேள்வி ரெண்டு, உங்கள்மேல் என்ன வாசனை இருக்கும். பதில்: சோப்பு. அதுக்கும் மேல பஸ் ஸ்டாண்டு டீசல். அது தோலோட ஊறிப்போச்சு, உரிச்சுப் போட முடியாது.

கேள்வி மூணு, பேசுவீர்களா. பதில்: நான் பேசாம இருந்தா ஊர்ல பஸ்ஸே ஓடாது. இருபத்திரெண்டு வருஷமா எந்த வண்டி எங்கே நிக்கும், எது எப்போ கிளம்பும்னு நான் சொல்லித்தான் ஜனங்க போறாங்க. வீட்டுக்கு வந்தா வாசல்ல பத்துப் பேர், அவங்ககிட்ட பேசணும். உங்கப்பா போனதுக்கப்புறம் வந்தவங்க போனவங்க எல்லாருக்கும் நான்தான் பதில் சொன்னேன். வாயில்லாத ஜென்மமா இருந்திருந்தா உன்னை வளர்த்திருக்க முடியுமா? ஆனாலும் உங்க வீட்டுல மெதுவாப் பேசுவேன்.

கேள்வி நாலு, உங்கள் கை என்ன செய்துகொண்டிருக்கும். இதென்ன கேள்வி? சும்மா இருக்காது. பட்டாணி உரிக்கும். பட்டாணி இல்லைன்னா முந்தானையை மடிச்சு மடிச்சுப் பிரிக்கும். சின்ன வயசுலேர்ந்தே அப்படித்தான்.

கேள்வி அஞ்சு, உங்களால் தாங்க முடியாமல் போகும்போது எங்கே போவீர்கள். பதில்: எனக்கு அப்படியெல்லாம் ஆனதில்லை.

கூச்சம்னு நான் சொன்னது தப்பா? அன்னைக்கு எனக்குப் பயமா இருந்துச்சுடி. டாக்டர் சொன்ன வார்த்தை வாயில நுழையவே இல்லை. கூச்சம்னா எனக்குத் தெரிஞ்ச சாமான். அதை வெச்சு எப்படியாவது சமாளிச்சுடலாம்னு நினைச்சேன்.

அம்மா


மார்ச் 24

அம்மாவுக்கு,

உன் மனு பரிசீலிக்கப்பட்டது. ரொட்டியக்கா கை தூக்கிவிட்டார். நாலாவது பதில்தான் காரணம். "முந்தானையை மடித்துப் பிரிக்கிறவர் வரட்டும்" என்றார். இந்தக் கேள்விக்கு மற்ற விருந்தாளிகள் எல்லாரும் 'கையைக் கட்டிக்கொண்டு உட்காருவேன்' என்றுதான் எழுதுவார்களாம், அவருக்கு அவர்களை நம்ப முடியாதாம்.

வரைபடக்காரர் தூக்கவில்லை. அவருடைய குறிப்பை அப்படியே எழுதுகிறேன்: "மூன்றாவது பதில், 'பேசுவீர்களா' என்ற கேள்விக்குத் தேவையைவிட நீளம். ஐந்தாவது பதில் நிரப்பப்படவில்லை. தாங்க முடியாமல் போகாத ஆள் உலகத்தில் கிடையாது. தனக்கு எது அதிகம் என்று தெரியாதவர், பிறருக்கு எது அதிகம் என்று எப்படித் தெரிந்துகொள்வார்?" படிவத்தைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அவர்மேல் கோபப்படாதே. உன்னை வேண்டாம் என்று சொல்வதற்காக அவர் இதைக் கேட்கவில்லை. எங்கள் மூவருக்குமே அந்த ஐந்தாவது கேள்விதான் வாழ்க்கை. பதினைந்து வயது வரை என்னுடைய பதில், உன் துணி அலமாரி. கீழ்த்தட்டில், உன் பழைய புடவைகளுக்கு நடுவில். விருந்தாளி வரும்போதெல்லாம் நீ வந்து, "வந்தவங்களுக்கு வணக்கம் சொல்லு" என்று கையைப் பிடித்து வெளியே இழுப்பாய். நீ கெட்டவள் என்று சொல்லவில்லை. அங்கே எனக்கு என்ன கிடைத்தது என்று நீ ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

பயமாக இருந்தது என்று நீ எழுதியதைப் படித்துவிட்டு ஒன்றுமில்லாத அறைக்குப் போய் கொஞ்ச நேரம் இருந்தேன். அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். எனக்கும் பயமாகத்தான் இருந்தது.

வேலையில் ஒரு நல்ல சேதி. நேற்று ஒருவருக்குக் கீழ்வரிசை முழுவதும் செய்து கொடுத்தேன். மாட்டிக்கொண்டு கண்ணாடி பார்த்தவர், என் முன்னால் ஒரு கேரட்டைக் கடித்துக் காட்டினார். அதைவிட நல்ல பாராட்டு எனக்கு இதுவரை கிடைத்ததில்லை.

உன் மகள்


ஏப்ரல் 2

கண்ணு,

இதை உக்காந்து படி. நின்னுக்கிட்டுப் படிக்காதே.

முதல்ல, பேசாம இருக்கப் பழகலாம்னு முடிவு பண்ணினேன். ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம், கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு வாயைத் திறக்கலை. நாப்பதாவது நிமிஷம் எதிர்வீட்டுக்காரி வந்தா. கேட்டா, கேட்டா, கேட்டுக்கிட்டே இருந்தா. நான் கையை ஆட்டி அப்புறம் வான்னு ஜாடை காட்டறேன். அவ என்ன புரிஞ்சுக்கிட்டாளோ, எனக்கு வாதம் வந்து வாய் இழுத்துக்கிச்சுன்னு தெருவையே கூட்டிட்டா. டாக்டர் வந்து நாக்கை நீட்டச் சொன்னார். நீட்டினேன். அப்பவும் மணி ஆகலையே, அதனால பேசலை. ஐம்பத்தெட்டாவது நிமிஷம் ஊசி போடப் போனார், அதுக்கப்புறம்தான் வாயைத் திறந்தேன். ரெண்டு நிமிஷத்துல கோட்டை விட்டேன், எழுதி வெச்சுக்கோ.

அடுத்தது அந்த அஞ்சாம் கேள்வி. நாலு நாள் யோசிச்சேன். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்கு, பதினாலாம் நம்பர் வண்டி தாமதம்னு அறிவிச்சுட்டு, படிவத்தை எடுத்து எழுத ஆரம்பிச்சேன். எனக்கு வாய்விட்டுச் சொல்லாம எழுத வராதுன்னு உனக்குத் தெரியும். மைக்கை அணைக்க மறந்துட்டேன். நான் எழுதினது முழுக்க பஸ் ஸ்டாண்டு பூரா கேட்டிருக்கு, கழிப்பறை வரைக்கும்.

நான் என்ன சொன்னேன்னா, இதைத்தான்.

"தாங்க முடியாமப் போனா நான் இங்கே வருவேன். இந்த அறிவிப்பு அறைக்கு. நாலு பக்கமும் கண்ணாடி, கதவைச் சாத்தினா வெளியில ஆயிரம் பேர் வாயசைக்கறது தெரியும், சத்தம் வராது. என் வீட்டுக்காரர் போன மூணாம் நாளே வேலைக்கு வந்துட்டேன். கல்நெஞ்சுக்காரின்னாங்க. வீட்டுல எழுபது பேர். ஒவ்வொருத்தரும் எப்படி ஆச்சு, எப்படி ஆச்சுன்னு கேக்கறாங்க. சொல்லிச் சொல்லி எனக்கு மூச்சு முட்டிப் போச்சு. இங்கே வந்து கதவைச் சாத்தினதும்தான் மூச்சு விட்டேன். இங்கே நான் ஆயிரம் பேர்கிட்ட பேசலாம், ஒருத்தரும் திருப்பிக் கேக்க மாட்டாங்க. வெளியில நான் ஓயாம பேசறதுகூட அதுக்குத்தான். நான் பேசிக்கிட்டே இருந்தா யாரும் என்னைக் கேள்வி கேக்க முடியாது. எனக்கு ஒரு கண்ணாடி அறை கிடைச்சுது. என் பிள்ளைக்கு ஒரு அலமாரித் தட்டு கிடைச்சுது, அதுலேர்ந்தும் நான் அவளை வெளியே இழுத்தேன்."

நிமிர்ந்து பார்க்கறேன், பஸ் ஸ்டாண்டே என்னைப் பார்த்துக்கிட்டு நிக்குது. பதினாலாம் நம்பர் ஓட்டுநர் எஞ்சினை அணைச்சுட்டு உக்காந்திருக்கார். எந்த வண்டியும் நகரலை. மேனேஜர் மூச்சிரைக்க ஓடி வந்தார். தொலைஞ்சோம்னு நினைச்சேன். மனுஷன் மைக்கை அணைச்சார், கதவைச் சாத்தினார், "அஞ்சு நிமிஷம் நானும் இங்கே உக்காந்துக்கறேம்மா, எதுவும் கேக்காதீங்க"ன்னு சொல்லிட்டு என் ஸ்டூல்ல உக்காந்துட்டார். நானும் எதுவும் கேக்கலை. நல்லாத்தான் இருந்துச்சு.

மறுநாள் விளக்கம் கேட்டு ஒரு நோட்டீசும் கொடுத்தார், அது வேற விஷயம்.

அலமாரியிலேர்ந்து உன்னை இழுத்ததுக்கு மன்னிச்சுக்கோ கண்ணு. அங்கே உனக்கு என்ன கிடைச்சுதுன்னு இப்போ கேக்கறேன். சொல்ல விருப்பம்னா சொல்லு.

அம்மா


ஏப்ரல் 9

அம்மாவுக்கு,

இருட்டு கிடைத்தது. துணி நாலு பக்கமும் அழுத்துவது கிடைத்தது. உன் வாசனை கிடைத்தது. நீ பேசாமல் பக்கத்தில் இருப்பதுபோல் இருக்கும். அதற்காகத்தான் உன் அலமாரி, என்னுடையது இல்லை.

உன் கடிதத்தை சமையலறையில் வாசித்துக் காட்டினேன். டாக்டர் நாக்கை நீட்டச் சொன்ன இடத்தில் ரொட்டியக்கா எழுந்து, கையை உதறிக்கொண்டு வீட்டை மூன்று சுற்று வந்தார். ஐந்தாவது பதிலை வரைபடக்காரர் இரண்டாம் தடவை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். எழுந்து தன் அறைக்குப் போய் சிவப்பு அட்டையை மாட்டிவிட்டார். அவ்வளவுதான், ஒப்புக்கொள்ள மாட்டார் என்று நினைத்தேன்.

நான்கு நாள் அந்த அட்டை மாறவில்லை. இன்று காலை சாப்பாட்டு மேசையில் ஒரு வரைபடம் இருந்தது. இத்துடன் அனுப்பியிருக்கிறேன், மடிப்பில் கிழியாமல் பார்த்துக்கொள். பஸ் நிறுத்தத்திலிருந்து எங்கள் வீடு வரை. எந்த மூலையில் நாய் குரைக்கும், எந்தக் கடையிலிருந்து பெயின்ட் நாற்றம் வரும், எந்தப் பக்கம் நடந்தால் நிழல், எங்கே பள்ளிக்கூட மணி அடிக்கும், எல்லாம் குறித்திருக்கிறார். எங்கள் கதவுக்கு நேரே, "திறந்திருக்கும்" என்று எழுதியிருக்கிறார். அவர் கை தூக்கியது அதுதான். யாருக்கும் அவர் இப்படி வரைந்து நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் 27, மூன்று மணி முதல் நான்கு மணி வரை. முதலில் ஒன்றுமில்லாத அறையில் உட்காரலாம். பயணக் களைப்பு போக அதுதான் நல்லது. பிறகு வீட்டைச் சுற்றிக் காட்டுகிறேன்.

உன் மகள்


ஏப்ரல் 14

கண்ணு,

வரைபடத்தைக் கண்ணாடி அறையில ஒட்டி வெச்சிருக்கேன். பார்க்கிற டிரைவரெல்லாம் இது எந்த ரூட்டுன்னு கேக்கறாங்க.

சில சந்தேகம். புடவைக்குக் கஞ்சி போடலை, போட்டா மொரமொரங்கும். வளையலைக் கழட்டிடறேன். செருப்பு கீச்சுனு கத்துது, வேற வாங்கிட்டேன். டீசல் வாசனைக்கு மூணு நாள் முன்னாலேயே லீவு போட்டிருக்கேன். கட்டிப் பிடிக்கலாமா கூடாதான்னு நீயே சொல்லிடு, நானா யோசிச்சுத் தப்புப் பண்ண வேண்டாம். பட்டாணி ரெண்டு கிலோ கொண்டு வரேன், போதுமா?

முதல் நாள் பள்ளிக்கூடம் போற பிள்ளை மாதிரி இருக்கு எனக்கு.

அம்மா


ஏப்ரல் 19

அம்மாவுக்கு,

கட்டிப் பிடிக்கலாம். இறுக்கமாக. லேசாகத் தொட்டால்தான் எனக்குக் கூசும். பட்டாணி போதும்.

உன் மகள்


ஏப்ரல் 27, மாலை 4:20

அம்மா,

கதவுக்கு அடியில் இதைத் தள்ளுகிறேன். உன் ஒரு மணி நேரம் முடிந்து இருபது நிமிடம் ஆகிறது. வீட்டைப் பார்க்க வேண்டும் என்றாயே, இன்னும் நீ அந்த அறையை விட்டு வரவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? உன் முணுமுணுப்புகூடக் கேட்கவில்லை. பேனாவையும் சேர்த்துத் தள்ளுகிறேன். இந்தத் தாளின் பின்பக்கத்திலேயே பதில் எழுது.


4:26

கண்ணு,

எனக்கு ஒன்னும் இல்லை. முதல் பத்து நிமிஷம் காதுக்குள்ள பஸ் நம்பரா ஓடிச்சு. பதினாலு, இருபத்தொன்னு, அறுபத்தி மூணு. அப்புறம் அதுவும் நின்னுபோச்சு. அந்தப் போர்வையை எடுத்து மேல போட்டுக்கிட்டேன். கொஞ்சம் அழுதேன், துக்கம் இல்லை. ஆச்சரியம் என்னன்னா, வாய்விட்டுச் சொல்லாம இதை எழுதறேன்.

நீ எங்கே தூங்கறே, எங்கே சாப்பிடறேன்னு பார்க்கத்தான் வந்தேன். ஆனா எழுந்திரிக்க மனசு வரலைடி. உள்ளே இருந்தா என்ன கிடைக்கும்னு இப்பத்தான் எனக்கு விளங்குது. மனுவுல ஒரு மணி நேரம்னுதான் போட்டிருக்கேன், தெரியும். விதின்னா விதிதான். இருந்தாலும் அவங்க ரெண்டு பேரையும் கேட்டுப் பாரேன்.


4:31

அம்மா,

கேட்டாயிற்று. மூவரும் கை தூக்கிவிட்டோம். வரைபடக்காரர் இரண்டு கையையும் தூக்கினார். ஒன்றுதான் செல்லும் என்று சொல்லிவிட்டேன். இன்று தங்கிக்கொள். கதவில் சிவப்பு அட்டை மாட்டியிருக்கிறேன், யாரும் உன்னைக் கூப்பிட மாட்டார்கள்.

நான் உள்ளே வரலாமா? பேச மாட்டேன்.


4:32

வா. நிறைய இடம் இருக்கு.